ஆட்டிசமும் பைபோலாரும் ஒரே ஆளுக்கு இருந்தால்: கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பையன் ராத்திரிக்கு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, விழித்திருக்கும் நேரமெல்லாம் சொந்த யூனிட் போடுவதைப் பற்றியே பேசினால் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். "பையனுக்கு இப்பத்தானுங் பொறுப்பு வந்திருக்குது" என்பார்கள். எனக்கு 24 வயதில் அப்படித்தான் நடந்தது. பதினோரு நாள். நிட்டிங் மெஷின் விலை, நூல் கவுன்ட், கரன்ட் பில் என்று நான்கு நோட்டு நிறையக் கணக்கு. அப்பா போர்வெல் போட எடுத்து வைத்திருந்த பணத்தில் இரண்டு மெஷினுக்கு அட்வான்ஸ். மாமா முதுகில் தட்டிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாலு பேர் வேண்டியிருந்தது.

பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான நோய், என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆட்டிசமும் (பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது) இருக்கிறது என்று தெரிய இன்னும் எட்டு வருடம் ஆனது. இடையில் பார்த்த ஒரு மருத்துவர், நான் கண்ணைப் பார்த்துப் பேசாததையும், தினமும் ஒரே சாப்பாடு கேட்பதையும் நோய் இன்னும் தணியாததன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். அவையெல்லாம் நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னிடம் இருப்பவை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததையும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றாது.

நான் இங்கே சொல்வதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். ஆட்டிசம் மண்ணின் வாகு. பைபோலார், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வருவதும் அடைபடுவதும் போல. செம்மண் செம்மண்ணாகவே இருக்கும், தண்ணீர் வரத்துதான் மாறும். வைத்தியம் வரத்துக்கு. மண்ணுக்கு வேண்டியது அதற்கேற்ற வெள்ளாமை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுமே கெடும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் பைபோலார் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகிறது, அதனால் இது ஏதோ அபூர்வமான சேர்க்கை என்று நினைக்க வேண்டாம்.

1. முதலில் உங்கள் 'வழக்கம்' என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள்

மாத்திரைக்கும் முந்தி இதைச் செய்யச் சொல்வேன். நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில், வீட்டில் உங்களை நன்கு தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். என் தாளில் இருப்பது இது: இரவு 9:30க்குப் படுக்கை, காலை 5:30க்கு எழுதல். காலையும் மதியமும் அரிசிம்பருப்பு சாதம். ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போய்விடுவேன். பல்லடம் வழியாகப் போகும் பஸ்களின் நேரம் பற்றி யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். கை விரல்களை ஆட்டிக்கொண்டே இருப்பேன். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. மிக்சி சத்தம் ஆகாது.

இதில் எதுவுமே நோய் இல்லை. இதிலிருந்து விலகுவதுதான் நோய். டாக்டர் மாறும்போதும், அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இந்தத் தாள்தான் எனக்காகப் பேசுகிறது. ஒரு பிரதி பர்ஸில், ஒன்று அக்காவிடம், ஒன்று மாத்திரை டப்பாவுக்குள்.

2. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

மருத்துவ அளவுகோல்படி மேனியா (பைபோலாரின் ஏற்றம்) என்றால் ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும் (ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அதற்கு முன்பே மேனியாதான்). அதன் தம்பி, ஹைப்போமேனியா, 4 நாள். டிப்ரஷன், அதாவது இறக்கம், 2 வாரம். நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஆட்டிசத்தில் வரும் வெடிப்பு, அதாவது மெல்ட்டவுன், நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ அடங்கிவிடும். அதற்கு ஒரு காரணமும் இருக்கும்: சத்தம், கூட்டம், திடீரென்று மாறிய திட்டம். காரணத்தை நீக்கினால் தணியும். மேனியா எதை நீக்கினாலும் தணியாது.

தூக்கத்தில் இன்னொரு துப்பு இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தூக்கம் சரியாக வராது, ஆனால் மறுநாள் சோர்ந்து கிடப்போம். மேனியாவில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு குதித்துக்கொண்டு எழுவோம். அந்தச் சோர்வில்லாமைதான் அபாய மணி.

விருப்பமும் அப்படித்தான். பஸ் நேரம் எனக்குச் சிறுவயதிலிருந்து இருக்கும் பித்து. அதைப் பேசும்போது மனம் அமைதியாக ஒரே தடத்தில் ஓடும். மேனியாவில் நிட்டிங் யூனிட், அங்கிருந்து ஏற்றுமதி, அங்கிருந்து தேர்தலில் நிற்பது என்று தடம் மாறிக்கொண்டே இருந்தது. 24 வயதுக்கு முன்னால் ஒரு நாள்கூட எனக்கு நிட்டிங் மெஷின்மேல் ஆசை இருந்ததில்லை!

இறக்கம்தான் கடினம். கல்யாணம், நோம்பி, வேலை நெருக்கடி எல்லாம் முடிந்தபின் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும் முழுச் சோர்வு வெளியிலிருந்து பார்க்க டிப்ரஷன் மாதிரியே இருக்கும். பேச்சு குறையும், குளிக்கத் தோன்றாது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: தனியாக, இருட்டறையில், நான்கு நாள் ஓய்வெடுத்தபின் பஸ் அட்டவணையைக் கையில் எடுக்கிறேனா? எடுத்தால் சோர்வு. அதுவும் சப்பென்று இருந்தால் டாக்டருக்குப் போன். சோதனை முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன், இரண்டும் சேர்ந்தே வந்த வருடமும் உண்டு. தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் நான்கு நாள் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

3. உணர்ச்சியை எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்

பைபோலார் உள்ளவர்களுக்கு 'மூட் டைரி' எழுதச் சொல்வார்கள். 'இன்று மனநிலை எப்படி, 1 முதல் 10க்குள்?' என்று கேட்கும். எனக்கு அந்தக் கேள்விக்கு விடையே தெரியாது. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று பெயர் சொல்ல வராது. இரண்டு வருடம் தினமும் 5 என்று எழுதினேன். மேனியா வந்த வாரத்திலும் 5தான்.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். ஒரு சாதாரண நோட்டில் தினமும் நான்கு எண்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், எவ்வளவு செலவு செய்தேன், நானாக எத்தனை பேருக்கு போன் செய்தேன். கடைசி எண் எனக்கு வழக்கமாக 0 அல்லது 1. அது 4 ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நோட்டை அம்மாவும் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். தூக்கம் இரண்டு இரவு தொடர்ந்து 5 மணி நேரத்துக்குக் கீழே போனால் மூன்றாம் நாள் காலை டாக்டருக்குப் போன் செய்வது என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் நான் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வேன். அதனால் முடிவு என் கையில் இல்லை, நோட்டின் கையில்.

4. டாக்டரிடம் போவது

கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார். எந்த நாள் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டமும் டியூப்லைட்டும் ஆகாதென்றால் ஒருவர் சீட்டு எடுத்து வரிசையில் நிற்க, நீங்கள் வெளியே மரத்தடியில் இருக்கலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பெரியவர்களுக்கு ஆட்டிசம் உறுதி செய்யச் சிறுவயதுக் கதை வேண்டும். அம்மாவோ அப்புச்சியோ வரட்டும். "சின்னதுல எப்படி இருந்தான்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தானுங் இருந்தான்" என்று முடித்துவிடுவார்கள். எப்போது பேசினான், மேளச் சத்தத்துக்கு என்ன செய்தான், மற்ற பிள்ளைகளோடு என்ன விளையாடினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். என் அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது: "மாரியம்மன் நோம்பிக்கு மேளம் அடிச்சா கட்டுத்தரைக்குள்ள போயி எருமைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவானுங். பொழுதோடதான் வெளிய வருவான்."

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஆட்டிசத்தோடு வரும் பதற்றத்துக்கு டிப்ரஷன் மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கம். பைபோலார் உள்ளவருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் மேனியாவைக் கிளப்பிவிடலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரே ஆனாலும், இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள்.

5. மாத்திரை, தண்ணீர், வெயில்

இங்கே கொஞ்சம் விரிவாக. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் லித்தியத்தைப் பற்றி எழுதினார். இன்றும் பைபோலாருக்கு அதுதான் மூத்த மருந்து. ஆனால் உதவும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், அதனால் பரிசோதனை நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

உடம்பில் நீரோ உப்போ குறைந்தால் லித்தியம் ஏறும். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாகமே சரியாகத் தெரியாது. எனக்குத் தலை வலித்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்று புரியும். இதோடு அக்னி நட்சத்திரத்தில் கரூர், ஈரோடு வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு 8 மணி, 10 மணி, 12 மணி என்று எழுதி வைத்திருக்கிறேன். மோரில் உப்பை ஒரு நாள் அள்ளிப் போட்டு மறுநாள் நிறுத்துவது கூடாது. தினமும் ஒரே அளவு.

மேல்வலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் லித்தியத்தை ஏற்றிவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படி ஏற்றும், அதனால் புது மாத்திரை எதுவானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கை நடுக்கம் திடீரென்று கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்புரோயேட் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யும், ஆகவே பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் டாக்டரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். லாமோட்ரிஜின் போடும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்டுங்கள். ஒலான்சபின், குயிட்டியபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

வீட்டார் கவனத்துக்கு ஒன்று. ஸ்ட்ரிப்பின் நிறம் மாறினாலே எங்களில் சிலர் மாத்திரையை விழுங்க மாட்டோம். அது அடம் இல்லை. கம்பெனி மாறியிருக்கிறது, மருந்து அதேதான் என்று பழைய ஸ்ட்ரிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பெயரைப் படித்துக் காட்டுங்கள்.

6. நாளுக்கு ஒரே சட்டம்

பைபோலாருக்கு ஒழுங்கான நேரம் மருந்து மாதிரி. எழுவது, உண்பது, ஆட்களைப் பார்ப்பது, படுப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கச் செய்வதையே ஒரு சிகிச்சை முறையாக வைத்திருக்கிறார்கள். மற்ற பைபோலார்காரர்கள் இதற்குத் திண்டாடுவார்கள். நமக்கோ ஆட்டிசம் இதை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்தச் சேர்க்கையில் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், விட்டுவிடாதீர்கள்.

மில்லில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் நமக்கு ஆகாது. சம்பளம் குறைந்தாலும் பகல் ஷிப்டில் நிலையாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். நான் இப்போது ஒரு நூல் சோதனை அறையில் வேலை செய்கிறேன். ஒரே மேசை, ஒரே தராசு. பக்கத்தில் விசைத்தறி நாள் முழுக்க அடிக்கிறது. வருகிறவர்கள் "இந்தச் சத்தத்துல எப்படி இருக்கறீங்?" என்று கேட்பார்கள். தறிச் சத்தம் மாறாது, அதனால் அது என்னை ஒன்றும் செய்வதில்லை. எப்போது நிற்கும் என்று தெரியாத நோம்பி ஸ்பீக்கர்தான் கொல்லும்.

7. பணத்துக்குப் பூட்டு

நம் பக்கத்தில் பேச்சு வாக்கிலேயே அட்வான்ஸ் கொடுப்போம், சீட்டு சேர்வோம், நிலம் பேசி முடிப்போம். மேனியாவுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. நன்றாக இருக்கும்போதே செய்து வையுங்கள்: சம்பளம் வரும் கணக்கு தனி, போனில் பணம் அனுப்பும் கணக்கு தனி. இரண்டாவதில் வாரச் செலவு மட்டும். பெரிய தொகை எதுவானாலும் ஏழு நாள் காத்திருந்து, கோபியில் கட்டிக்கொடுத்த அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யாராவது உங்கள் சுறுசுறுப்பைப் பார்த்துக் கூட்டுச் சேரக் கூப்பிட்டால் இந்தச் சட்டம் நல்ல சாக்காகவும் உதவும்.

8. கெட்ட நாளுக்கான ஏற்பாடு

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, நோய் முற்றும்போது எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும், உங்களுக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் எழுதியிருப்பவை: தொடுவதற்கு முன் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். விளக்கைக் குறையுங்கள். நான் பதில் சொல்லாவிட்டால் மறுக்கிறேன் என்று அர்த்தமில்லை. தாளும் பேனாவும் கொடுங்கள்.

இறக்கத்தில் சாவைப் பற்றிய எண்ணம் வரலாம். முகத்தில் எதுவும் தெரியாமல் சாதாரணக் குரலில் சொல்வோம், அதனால் வீட்டார் விளையாட்டென்று நினைப்பார்கள். சொன்னால் சொன்னதுதான், நம்புங்கள். தோட்டத்து மருந்து டப்பாவும் மிச்ச மாத்திரையும் பூட்டுக்குள் இருக்கட்டும், ஒரு வார மாத்திரை மட்டும் கையில். எந்த நேரமும் 14416க்கு அழைக்கலாம், டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. போனில் பேசுவது உங்களுக்குச் சிரமமென்றால் பக்கத்திலிருப்பவர் அழைத்துப் பேசட்டும்.

9. சான்றிதழ்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, மனநோயும் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் (1999) இந்த இரண்டில் ஆட்டிசம் மட்டுமே வருகிறது, பைபோலார் வராது. ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு அதன் கீழ்தான், ஆகவே ஆட்டிசம் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். அங்கே சில தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற பெயரைப் பார்ப்பீர்கள். என் புற உலகச் சிந்தனையின் அளவு தெரிய வேண்டுமானால் பல்லடம் பஸ் நேரத்தைக் கேட்கட்டும். பெயருக்காகச் சண்டை போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

10. நோம்பி, கல்யாணம், பழனி

கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய்விட்டு, சாப்பாட்டை முதல் பந்தியில் முடித்துவிட்டு வந்துவிடுவேன். முந்தின நாள் இரவுச் சீருக்கு நான் வர மாட்டேன் என்பதை அம்மா முன்னமே சொல்லிவிடுவாள். உங்கள் கல்யாணம் என்றால், மறைத்துக் கட்டாதீர்கள். மறைத்தவர்கள் முதல் வாரமே மாத்திரையை ஒளிக்க ஆரம்பிப்பார்கள், அடுத்த மாதம் நிறுத்துவார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பங்காளிகள் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்குக் காவடி நடப்பார்கள். நானும் இரண்டு வருடம் முழுக்க நடந்தேன். ராத்தூக்கம் இல்லை, வெயில், தண்ணீர் குறைவு, மேளம். இரண்டாம் வருடம் திரும்பி வந்து ஐந்தாம் நாள் மேனியா. முருகன்மேல் குற்றமில்லை, லித்தியம் போடுகிற ஆளை யாரும் ராத்திரி நடக்கச் சொல்லவில்லை. இப்போது கடைசி நாள் விடிகாலையில் பஸ்ஸில் போய், வழியில் சேர்ந்துகொண்டு மூன்று மணி நேரம் நடக்கிறேன். பையில் கோடு போட்ட பாட்டில் இரண்டு, காது அடைப்பான், மாத்திரை, வழக்கத் தாள். பகல் பன்னிரண்டுக்குள் எங்கே நின்றாலும் நிழலில் உட்கார்ந்துவிடுவேன். பங்காளிகள் அடிவாரத்தில் காத்திருப்பார்கள். ஊர் திரும்ப எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று என்னிடம்தான் கேட்பார்கள்.